முயலுக்குக் கொடுத்த தண்ணீர்

ஐப்பசி, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு இன்னும் வலிக்கிறது. தூங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் சாமைக் கொல்லை ஓரம் கட்டியிருந்த வலையில் ஒரு முயல் மாட்டியிருந்தது. நல்ல கொழுத்த முயல். கொன்ற பிறகு அதன் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, "கோச்சிக்காத" என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா சொல்வார், நானும் சொல்கிறேன். சொன்னாலும் அன்றைக்குக் கறி எனக்குச் சரியாக இறங்காது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தேனோ, கழுத்தைத் திருகுவதற்கு முன்பே பாட்டிலைத் திறந்து அதன் வாயில் தண்ணீர் விட்டுவிட்டேன். அது நக்கி நக்கிக் குடித்தது. அதன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது.

கூட வந்த குப்பன், என் மனைவியின் தம்பி, பார்த்துவிட்டான். "இன்னா மாமா, உசிரோட இருக்கசொல்லவே தண்ணி குடுத்துட்டீங்க? இனிமே அது விருந்தாளி ஆச்சே" என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. விட்டுவிட்டேன். நேராக என் சாமைக்குள்ளேயே ஓடியது, திருட்டு முயல்.

வீட்டில் என் மனைவி பொன்னி, முயல் வரும் என்று மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தாள்.

"முயலு எங்க?"

"தண்ணி குடிச்சிட்டு போய்டுச்சி."

குப்பன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த மசாலாவை மொச்சைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டாள்.

மூன்று உருண்டை களி சாப்பிட்டேன். யாரிடமும் "கோச்சிக்காத" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.