படகில் விட்டு வந்த பாட்டு

இன்று காலை மட்டாஞ்சேரித் துறையில் படகேறி, டீசல் வாசம் மூக்கில் ஏறியதும், பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு உனக்கு இடம் பிடித்துவிட்டேன். நீ உயிரோடு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அந்த இடத்தில் உன் வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தாள். அதை உன்னிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள்.

அக்கரையில், எறணாகுளத்தில், தெருக் கூட்டியவர்கள் நாம். படகில் போகும்போது நீ பாட்டுக் கட்டுவாய். உனக்கும் எழுத்துத் தெரியாது. என் தலைதான் உன் தாள். நாம் படகில் கடக்கும் அந்தக் காயல் தண்ணீரையே கூட்ட அனுப்பப்பட்ட ஒருவனின் கதை அது.

“மேஸ்திரி சொன்னார், காயலைக் கூட்டு;
கூட்டின இடத்தில் மறுபடி தண்ணி.”

படகே சிரிக்கும். “சேட்டா, பாட்டுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும், கேட்டோ!” என்பார் டிக்கெட்காரர்.

அந்தச் சிரிப்புப் பாட்டு உன்னைத் தின்னத் தொடங்கியது. தூக்கம் போயிற்று. பாதிச் சோற்றில் கை நிற்கும். ஒரு நாள் படகு கரை சேர்ந்தும் நீ இறங்கவில்லை. அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்துகொண்டே இருந்தாய். நானும் உன் வீட்டுக்காரியும்தான் கையைப் பிடித்து இறக்கினோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நேரத்துக்கு உண்ணவும் உறங்கவும் சொன்னார். பாட்டுக்கு வழி சொன்னவள் அவள்தான்.

“பாட்ட விடச் சொல்ல மாட்டேன். விட்டா வாடிப்போயிடுவீங்க. ஆனா வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. அண்ணன் கையில குடுத்துட்டு இறங்குங்க.”

அன்றிலிருந்து, படகுக்குக் கயிறு கட்டும்போது அன்றைய அடியை என் காதில் சொல்லி, “எடா, பிடிச்சுக்கோ” என்பாய். “பிடிச்சாச்சு, போடா” என்பேன். வெறுங்கையோடு அவளிடம் நடப்பாய். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. மகள் கல்யாணத்தில் ஆடக்கூட ஆடினாய். வேலை ஓய்ந்த பிறகும் பாட்டுக்காகவே படகேறினோம். சில நாள் ஒன்றும் வராது. “இன்னிக்குப் பிடிக்க ஒண்ணுமில்லடா” என்று சிரிப்பாய்.

நேற்று அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, இத்தனை வருஷமா அந்தப் பாட்ட நான் கேட்டதில்ல. நான்தான் வீட்டுக்குள்ள விடல. ஒரு தடவ கேக்கணும்.”

கரையில் அதைச் சொல்வதில்லை என்பது நம் மூவரின் பேச்சு. அதனால்தான் இன்று படகு.

முதல் அடியிலிருந்து சொன்னேன். மேஸ்திரி வந்தபோது சிரித்தாள். காயல் நடுவே நிற்பவனைக் கரையிலிருந்து பெண்டாட்டி கூப்பிடுகிறாள்: “சோறு ஆறுது, ஏறி வா.”

“இது நான் சொல்றதாச்சே?” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீ தந்த கடைசி அடி அது.

“அவன் ஏறினானா அண்ணே?”

“தெரியாதும்மா. நாளைக்குச் சொல்றேன்னான்.”

படகு அக்கரை தொட்டது. எல்லோரும் இறங்கினார்கள். அன்று உன்னைக் கையைப் பிடித்து இறக்கியவள், இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டு, “இறங்கணுமா அண்ணே?” என்றாள்.

இறங்கவில்லை. திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மட்டாஞ்சேரியில் கயிறு கட்டியதும், “நீங்களே வச்சுக்கங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு, உன்னைப் போலவே வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தாள்.

பிடிச்சாச்சுடா. உன் ஆள் இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறான். இவள் இன்னும் கூப்பிடுகிறாள். இருவரையும் சுமந்துகொண்டு துறையில் நின்றேன். நான் வீட்டுக்குப் போகும்போது பிடித்துக்கொள்ளத்தான் ஆளில்லை.