ஊதா விளக்கும் உயிருள்ள தட்டும்

பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு எருமப்பட்டியில் கோழிகளோடு குடித்தனம் நடத்தும் மாமாவுக்குப் பாவாயியின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? பெங்களூரில் நான் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சாமான் கழுவும் ஆராய்ச்சிக்கூடத்தில் நம் சேலத்து அஸ்தம்பட்டிப் பெண் தமிழினி ஆராய்ச்சி செய்கிறாள். திங்களன்று இரண்டு தட்டுகளை வைத்து, “உசுருள்ள ஈஸ்ட்டுங்க அக்கா, பத்திரம்” என்றாள். ஒரு தட்டில் இருந்த உயிர்களுக்கு மட்டும் நானோ துகள் என்று கண்ணுக்குத் தெரியாத பொடியைப் பூசியிருந்தாளாம்.

ஏசிக் குளிரில் நடுங்குமே என்று, பண்ணையில் குஞ்சுக்குப் பல்பு போடுகிற மாதிரி, மூடியைத் திறந்து ஊதா விளக்கைப் போட்டுவிட்டேன்.

தமிழினி வந்து பார்த்து ஓடிப்போய் விளக்கை அணைத்தாள். “அக்கா, அது கிருமியக் கொல்ற வெளக்குங்க.”

 அவளுடைய ஆறு மாத உழைப்பு. வேலை போச்சு என்று துணிமணியை மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பொடி பூசாத தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. பொடி பூசியதில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கிறது. இன்னும் எனக்குத் திகைப்பு அடங்கவில்லை.

“பொடி இந்த வெளக்குலருந்து காப்பாத்துமான்னு இதே சோதனையத்தானுங்க அடுத்த மாசம் பண்ண இருந்தேன். வெய்யில்லயும் இந்த மாதிரிக் கதிரு இருக்குதுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை தப்பித்தது.

“அந்தப் பொடிய எங்க மாமாவுக்குப் பூசலாமா சாமி? வெறும் மேலோட வெய்யில்ல திரியுது” என்றேன். மனிதருக்கு இன்னும் வரவில்லையாம்.

ஆகவே முழுக்கைச் சட்டை போடுங்கள். பழைய சட்டை ஒன்றை எனக்குப் பார்சலில் அனுப்புங்கள், மேசை துடைக்கத் துணியில்லை. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

பாவாயி