பெயர் வைக்கத் தலைவரிடம் போனோம்

வல்லக்கோட்டை,
9.10.2005

அன்புள்ள அத்தானுக்கு,

இசக்கிசெல்வி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். குவைத்தில் வெயில் குறைந்ததா? வெறும் வயிற்றோடு வண்டி எடுக்காதீர்கள். போனில் சொல்ல நினைத்தால், காசு ஓடுகிறதே என்று நீங்கள் அவசரப்படுத்துவீர்கள், நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் கூட்டுரோட்டுக்கு உங்கள் தலைவர் இளங்கதிர் கொடியேற்ற வந்திருந்தார். முடி நன்றாக நரைத்துவிட்டது, மறைக்கவும் இல்லை. முழங்கால் வலியாம். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வேனிலிருந்து இறங்கினார். ஒற்றைக் கையால் லாரியை நிறுத்தின கதாநாயகனா இவர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்யாணமான புதிதில் நான் உங்களைப் படுத்திய பாடு மறந்திருக்காது. தாலி கட்டும்போதுகூடச் சட்டைப் பையில் அவர் படம். வேஷம் கட்டுகிறவருக்கு அரசியல் எதற்கு என்று கேட்டவள்தானே நான். முதல் தேர்தலில் அவர் டெபாசிட் இழந்த அன்று நீங்கள் பட்டினி கிடந்தீர்கள், நான் உங்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். இன்றைக்கு அவரைக் கேட்காமல் கோட்டையில் ஒன்றும் அசைவதில்லை.

நான் மாறியது சினிமாவால் இல்லை. போன வருஷம் எங்கள் ஒயர் கம்பெனியில் நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. லைனை விட்டு பாத்ரூம் போக நேரம் கேட்டோம் என்று எங்களில் சிலரை வேலையைவிட்டு வெளியே நிறுத்திவிட்டார்கள். பார்க்கிறோம் என்று சொன்ன உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் யாரும் திரும்பி வரவில்லை. இவர் வந்தார். கேட்டுக்கு எதிரே எங்களோடு புழுதியில் உட்கார்ந்தார். மேனேஜர் நாற்காலி அனுப்பினதற்கு, "இந்தப் பொண்ணுங்க உட்காரட்டும், காலையிலேர்ந்து நிக்கிறாங்க" என்றார். அன்று சாயந்திரமே எங்களை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எனக்கும் அவர் தலைவர்தான்.

பிள்ளைக்குத் தலைவர் வாயால்தான் பெயர் வைக்க வேண்டும் என்று, அது என் வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். இவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. பால்வாடியிலும் பாப்பாதான், ஆஸ்பத்திரியிலும் பாப்பாதான். வீட்டுக்கார மரகதம் அக்கா, "இன்னா செல்வி, கொயந்த கல்யாணப் பத்திரிகையிலயும் பாப்பான்னே போடப்போறியா?" என்று கேட்கிறாள். உங்கள் வார்த்தைக்காக நான் ரகசியமாகக்கூட ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அதனால் பாப்பாவுக்குப் புதுப் பாவாடை கட்டி, அக்காவையும் அழைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். மேடைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளோடு ஒரு வரிசை. ஒவ்வொன்றையும் வாங்கி, சட்டென்று ஒரு பெயர் சொல்லி, நெற்றியில் முத்தம் கொடுத்தார். எங்கள் முறை வந்தது. இவள் அழவில்லை, அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். அப்பா எங்கே என்று கேட்டார். குவைத்தில் டிரைவர், உங்கள் மன்றத்தில் செயலாளராக இருந்தவர், நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும் என்று காத்திருக்கிறார் என்றேன். "புள்ளயப் பாத்துட்டாரா?" என்றார். இன்னும் இல்லை என்றேன்.

தலைவர் பெயர் வைக்கவில்லை அத்தான். பாப்பாவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அப்பா பாக்காத புள்ளைக்கு நான் பேர் வெக்கக் கூடாதும்மா. அவரு வந்து தூக்கிப் பாத்துட்டு, அவரே வெக்கட்டும். நான் சொன்னேன்னு எழுது" என்றார். நம்பாவிட்டால் மரகதம் அக்காவைக் கேளுங்கள், பக்கத்தில்தான் நின்றாள்.

எல்லோரும் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாளும் உங்களிடம் கேட்க எனக்கு வாய் வராததை, அந்த மனிதர் வந்த இடத்தில் கேட்டுவிட்டார்.

காண்ட்ராக்டை மறுபடியும் நீட்டப் போவதாகப் போனில் சொன்னீர்கள். நான் சரி என்றேன். அது மனசார வந்த சரி இல்லை. அவர் படம் ஓட வேண்டும் என்று மண்சோறு தின்றவர் நீங்கள், அவர் பேச்சை ஒருநாளும் தட்டினதில்லை. இதையும் தட்டாதீர்கள்.

வல்லக்கோட்டை முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வரும்வரை இவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
இசக்கிசெல்வி