மாடு மூச்சு விட ஒரு துளை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். பாப்பா தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது.

நீங்கள் துபாய் போன ஏழு மாதமாகப் பாப்பா ஸ்கூலில் வாயே திறக்கவில்லை. இதை நான் போனில் சொல்லவில்லை. இப்படியே இருந்தால் யு.கே.ஜி.யிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைப்போம் என்று ஆன் மேரி மிஸ் சொல்லியிருந்தார்கள்.

இன்று இங்கிலீஷ் வகுப்பில் பிராணிகள் புராஜெக்ட். ஆளுக்கொரு பிராணி செய்துவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். நான் பயந்துபோய்க் கடையில் பளபளவென்று ஒரு செராமிக் யானை வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டேன். மனசு கேட்காமல் பின்னாலேயே போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். அவள் யானையைப் பையைவிட்டே எடுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் தானே செய்த களிமண் மாட்டை மேசையில் வைத்தாள்.

"மாட்டு வயித்துல எதுக்குடி ஓட்டை?" என்று பக்கத்துப் பையன் ஜெரின் சிரித்தான்.

"மூச்சு வுட. இல்லன்னா சூளையில வெடிச்சிடும். எங்கப்பா சொன்னாங்க."

நம் பட்டறையில் களிமண் பொம்மைக்குத் துளை போடும்போது எப்போதோ நீங்கள் சொன்னது. நானே மறந்துபோயிருந்தேன்.

தமிழில் பேசியதற்கு மிஸ் அதட்டவில்லை. "தி கவ் ப்ரீத்ஸ்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவள் கணீரென்று சொன்னாள். வகுப்பே அவள் பின்னால் சொன்னது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மாட்டைச் சூளைக்குக் கொடுக்கலாமா என்றால், "எத்தினி நாள் காயணும்னு அப்பாவக் கேளும்மா" என்கிறாள். யாரையும் தொடவிடவில்லை.

அவள் பெயருக்கே பதில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா