அமராவதி மச்சாளின் ஆல்பம் அட்டை

03.03.2026, செவ்வாய்
புதுக்குடியிருப்பு நூலகத்தில் கணினி வடிவமைப்பு வகுப்பு, நான்காம் நாள். எழுபத்தொரு வயதுக்காரன் நான் ஒருவன்தான். லேயர் என்றால் என்னவென்று இன்று விளங்கியது: கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல.

06.03, வெள்ளி
மனைவியின் தங்கை அமராவதி, தான் பாடிய அம்மன் பாட்டுகளைப் முதல் பங்குனித் திங்கட்கிழமை யூடியூப்பில் வெளியிடுகிறார். நாற்பது வருடம் கோயிலில் பாடியவருக்கு இதுதான் முதல் ஆல்பம்.
"அட்டையை நீங்களே செய்யுங்கோ அத்தான். வவுனியாக் கடைக்காரன் என்னை இருபது வயசாக்கிப் போடுவான்."
ஓம், செய்கிறேன் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

09.03, திங்கள்
நிறம் தெரிவு செய்ய மூன்று மணித்தியாலம். ஊதா.

11.03, புதன்
முடித்தேன். நடுவே நீள்வட்டத்தில் மச்சாளின் படம். இருபுறமும் குத்துவிளக்கு, அளந்து சரிசமமாக. கீழே பூக்கள். சொந்தக்காரரின் வாட்சப் குழுவுக்கு அனுப்பினேன்.

12.03, வியாழன்
காலையில் குழுவில் அதைப் பார்த்த பொன்னையா அண்ணை வெள்ளை வேட்டியோடு மச்சாள் வீட்டுக்குப் போய், "பிரேதம் எப்ப எடுக்கினம்?" என்று கேட்டாராம். படலையைத் திறந்ததே மச்சாள்தான். கனடாவிலிருந்து மூன்று பேர் அழுதபடி அழைத்திருக்கிறார்கள்.

நான் செய்தது, ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளில் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டை. அப்படியே. எத்தனை செத்தவீடுகளில் வாங்கி வந்து அலுமாரியில் அடுக்கியிருக்கிறேன். என் கண் பழகிய அட்டை அது ஒன்றுதானே.

இனி வகுப்புக்குப் போகமாட்டன். வவுனியாவுக்கே குடுக்கட்டும். உனக்கேனடா இந்த வயசில—

பின்னேரம் மச்சாள் போன் எடுத்தார். சிரிப்பில் பாதி விளங்கவில்லை. "செத்தும் வடிவாத்தான் இருக்கிறன் அத்தான். ஆனா திங்கக்கிழமை பாட்டு விட வேணும், அதுக்குள்ள என்னை எழுப்பி விடுங்கோ."

13.03, வெள்ளி
போனேன். ஆசிரியை சுதாஜினி அட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "அளவெல்லாம் திறம் சேர். அதுதான் பிழை. பாடுற ஆள் இப்பிடி ஆடாமல் அசையாமல் இருக்குமோ?"
நீள்வட்டத்தை அழித்தேன். விளக்குகளை அழித்தேன். மச்சாள் தாளம் போட்டபடி வாய் திறந்து பாடும் படமொன்றை ஓரத்தில் வைத்தேன். ஒரு கை சட்டத்துக்கு வெளியே போகிறது. போகட்டும். பின்னணி மஞ்சள்.

16.03, பங்குனித் திங்கள்
கோயிலில் பொங்கல் பானைகளுக்கு நடுவே எல்லார் போனிலும் மச்சாளின் குரல். அவர் அட்டையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
"மூலையில இதென்ன, எறும்போ?"
"என்ர பேர்."
"வாசிக்கேலாட்டி ஏன் போட்டனீங்கள்?"
வீட்டுக்கு வந்து, 'அட்டை: சி. சிற்றம்பலம்' என்பதன் எழுத்தளவை ஆறிலிருந்து பதினெட்டாக்கினேன். பிறகு பதினாறாக்கி மச்சாளுக்கு அனுப்பினேன்.