பார்க்க ஆளில்லாத வண்டி

1981 ஜனவரி 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. முன்னறைக் கூரை ஒழுக்கு. முதலில் வண்டியைத் தள்ளி வைத்தேன். பிறகுதான் நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் பரீட்சைத்தாள்கள். பாதி நனைந்துவிட்டன.

வீடு என் சீதனம். முன்னறை என் கணவருடைய மோட்டார் சைக்கிளுக்கு. சவூதிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்புதான் பதுளையில் ஒரு பழைய தோட்டத்துரையிடம் வாங்கினார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி, தூரப் பயணத்துக்கென்றே செய்தது. அகன்ற சீற், இரண்டு பக்கமும் தோல் பெட்டி. மட்டக்களப்பில் ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் புதுசுபோல ஆக்கிக் கொடுத்தார்.

"இதில ஒன்னயும் ஏத்திக்கிட்டு திருகோணமலைக்கே போவன் புள்ள" என்றார். ஏறியது ஒரு தடவை. பக்கத்து ஊர்ச் சாய்ந்தமருது வரை. சனம் பார்க்குது என்று திருப்பிவிட்டார்.

கிழமைக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணும் பொறுப்பு அவர் தம்பி ரபீக்குக்கு. ஒழுங்காக வந்தது இரண்டு கிழமை. இப்போது எட்டியும் பார்ப்பதில்லை. கடற்காற்றுக்குச் செயினில் துரு.

ஜனவரி 17, சனி

வெயில். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் வாசித்து முடிந்தது. பிளக் கழற்றித் துடைப்பு. காபரேட்டரில் ஊத்தை, எடுத்தாயிற்று. செயினுக்கு ஒயில். தோல் பெட்டிக்குத் தேங்காயெண்ணெய்.

பின்வளவுக்குத் தள்ளினேன். அடுத்த வீட்டு ராத்தா, என் கூடப்பிறந்தவ, வேலியோடு நின்று காவல். காவலை விட ஏச்சுத்தான் கூட.

"சுலைஹா, ஒனக்கென்ன விசரா? ஆம்புள இல்லாத ஊட்டுல மோட்டச் சைக்கிள் சத்தம் கேட்டா சனம் என்ன கதைக்கும்?"

"ரபீக் வந்திரிக்கான் எண்டு சொல்லுங்க."

உதைத்தேன். அது திருப்பி உதைத்தது. கெண்டைக்கால் கன்றிப்போனது. மறுபடி உதைத்தேன். ஓடியது! வளவு முழுக்கப் புகை. கோழிகள் வேலிக்கு மேலே. ராத்தாவே சிரித்துவிட்டா. நானும். இந்த வீட்டில் நான் அப்படிச் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலம்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பற்றிக் கேட்டால்: கிணற்றடியில் வழுக்கியது.

பெப்ரவரி 1, ஞாயிறு

சவூதியிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில், அவர் தன் குரலைப் பதிந்த கசெற் கொடுத்தனுப்பியிருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்டேன். சலாம். அவருடைய உம்மாவின் சுகம். பிறகு வண்டி. வண்டி. வண்டி.

"ரபீக்கிட்டச் சொல்லு, உப்புக்காத்து ஆகாது. நல்லா மூடி வெக்கச் சொல்லு."

கடைசியில் "நீ எப்பிடி..." என்று தொடங்கினார். நாடா முடிந்துவிட்டது.

பதில் கசெற்றில் "வண்டி சுகம்" என்று மட்டும் பேசினேன்.

மே 3, ஞாயிறு

வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். மெலிந்திருக்கிறார், கறுத்திருக்கிறார்.

சூட்கேஸ் இறக்கும் முன்பே முன்னறைக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். பெற்றோல் ராங்கியைத் தடவினார். ஒரே உதை. ஓடியது. வாசல் நிறையச் சனம்.

ரபீக்கைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, ஒன்ன மாதிரி ஆருடா பார்ப்பான்!" அவனுக்கு ஒரு கைக்கடிகாரம். ரபீக் என்னைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். கட்டிக்கொண்டான்.

எனக்குச் சேலை, அத்தர். நல்ல சேலைதான்.

மே 5, செவ்வாய்

ராத்தாவுக்குப் பொறுக்க ஏலவில்லை. அவர் பகல் சோற்றுக்கு இருக்கும்போது வந்து சொல்லிவிட்டா.

"மச்சான், வண்டியப் பார்த்த ரபீக் இல்ல. இவதான். கையெல்லாம் கரியும் ஒயிலும்."

சோற்றில் கை நின்றது. சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். கலியாணப் பெண் மாதிரி வெட்கம்.

"ஆரும் கண்டாங்களா?" என்றார்.

"இல்ல."

"இனித் தொடாத."

மே 10, ஞாயிறு

கூட்டாளிமாரோடு பொத்துவில் பயணம். தோல் பெட்டிக்குள் நான் சுட்ட ரொட்டி, இறைச்சி. முற்றத்தில் நிற்கும்போதே கண்டேன், செயின் தொய்ந்து கிடந்தது. சொன்னேன்.

"நீ ரொட்டியக் கட்டு."

வழியில், கோமாரியில் செயின் அறுந்தது. பொழுதுபட்டு, யாரோ ஒருவருடைய உழவு மெசின் இழுத்த பெட்டியில் வண்டியோடு வந்து இறங்கினார். "பழைய சாமான் பழைய சாமான்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராங்கியில் ஒரு கீறல். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மே 24, ஞாயிறு

புழுக்கம். புதுச் செயின் போட்டாயிற்று. திரும்பவும் சவூதி. நேற்றுச் சொன்னார்: "நான் போனா இதப் பார்க்க ஆளில்ல. வித்திருவம்." என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்று அக்கரைப்பற்றிலிருந்து வண்டி வாங்க ஒருவர் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். ஓட்டிக் காட்ட இவர் உதைத்தார். உதைத்தார். எடுபடவில்லை. சேட்டெல்லாம் வேர்வை. வந்தவர், நான் நின்ற வாசல் திரைப் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, இதுக்கு ஏதும் பக்குவம் இரிக்கா? நீங்கதான் இதப் பார்த்தீங்களாம். பக்கத்து ஊட்டுல வழி கேக்கக்குள்ள சொன்னாங்க."

திரைக்குள் நின்று நான் சொன்னேன். எஞ்சினுக்குள் பெற்றோல் கூடிப்போயிற்று, குழாயைப் பூட்டிக் கொஞ்சம் ஆற விடுங்க. எந்த ஒயில், எவ்வளவு. மழைக்காலத்தில் எதை மூடவேண்டும், எதை மூடக்கூடாது. விளங்காததை அவர் திருப்பிக் கேட்டார். திருப்பிச் சொன்னேன்.

ஓடியது. வந்தவர் கொண்டு போய்விட்டார். சந்தி தாண்டும்வரை சத்தம் கேட்டது. முன்னறை பெரிசாகக் கிடக்கிறது.

இராச் சோறு வைத்தபோது இவர் கேட்டார்.

"அன்னிய ஆம்புளயோட அவ்வளவு நேரம் என்ன கதை?"