பனியில் ஊத்தின பாகு

பெப்ரவரி 15, ஞாயிறு. குரோருட், ஒஸ்லோ.

பின்னேரம் அக்கா வீடியோவிலை வந்தவ. கனடாவிலை, கோதுமை வெளிக்கு நடுவிலை இருக்கிற அவவின்ரை பிரெஞ்சுக் கிராமத்திலை பனித் திருவிழா. பஸ் பஸ்ஸாய்ச் சனமாம். அக்கா அந்த ஊர்ப் பழைய வழக்கப்படி இடுப்பிலை சிவப்புப் பட்டி கட்டி, கொதிக்கிற மேப்பிள் பாகைப் பனியிலை ஊத்தி, குச்சியிலை சுத்திக் குடுக்கிறா. யாழ்ப்பாணத்திலை அரியதரப் பலகாரத்துக்குப் பாகு பாக்கிற மாதிரித்தான், தண்ணியிலை துளி விட்டுப் பதம் பாக்கிறா.

பாக்க வந்த ஒரு மனுசி, "இந்த ஊராக்கள் எங்கை?" எண்டு கேட்டவவாம். "நான்தான்" எண்டு பிரெஞ்சிலை சொன்னனான் எண்டு அக்கா சிரிச்சா.

முந்தி நான் அங்கை போயிருந்த குளிர்காலத்திலை அந்தப் பாகு பல்லிலை ஒட்டி, கதைக்கேலாமல் ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள். அப்ப அவ 'எங்கடை ஊர்' எண்டு சொன்னது யாழ்ப்பாணத்தை.

இண்டைக்குப் போனை வைக்கேக்கை, "எங்கடை ஊரிலை இந்தமுறை நல்ல பனி, வாவன்" எண்டா.

யன்னலுக்கு வெளியிலை இஞ்சையும் பனிதான். ஒஸ்லோவை நான் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை.